மூலவரும் உற்சவரும்

எங்கள் ஊர் அண்ணாச்சி வாழைத்தார் வாங்குகிற முறையே தனி. களக்காட்டு மண்டியில் மற்ற வியாபாரிகள் காயின் திரட்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டும், சீப்புகளை எண்ணிக்கொண்டும் நிற்பார்கள். அண்ணாச்சியோ தாரைப் புரட்டி, தண்டை வெட்டிய இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். "காயி முகம் மாதிரி வே. முகத்தைக் களுவிப் பவுடர் போட்டு நிறுத்திரலாம். வெட்டுவாய் பொய் சொல்லாது" என்பார். இந்த ஒரு கொள்கையை வைத்துக்கொண்டே அவர் லாரி டிரைவராக இருந்து, சொந்த லாரிக்காரராகி, மண்டிக்காரரும் ஆனவர்.

அப்படிப்பட்ட மனிதர் தம்முடைய அறுபத்தெட்டாம் வயதில், மண்டியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசி லாரியையும் விற்றுக் கையில் பணத்தோடு ஒருநாள் காலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"நீரு கதை எழுதுத ஆளு. மோட்டாரைப் பத்தின புஸ்தகமெல்லாம் அடுக்கி வச்சிருக்கீரு. எனக்கு ஒரு காரு பாத்துக் குடும்."

"எந்த மாதிரி கார் அண்ணாச்சி?"

"பழசு மாதிரி இருக்கணும். ஆனா பழசா இருக்கப்படாது. மேல கூரை இருக்கப்படாது. ரெண்டே ரெண்டு பேரு உக்காரணும். மூணாவது ஆளுக்கு எடமே இருக்கப்படாது."

அவர் எந்தக் காரைச் சொல்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் காரை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏழு வயது, அவருக்குப் பன்னிரண்டு. மலைத் தோட்டத்து அதிகாரி ஒருவர் சத்தியவாகீஸ்வரர் கோயில் முன்னால் ஒரு சிவப்புக் காரை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். முன்புறம் ஆவி பறந்துகொண்டிருந்தது. கம்பிச் சக்கரங்கள், தவளைக் கண்போல வெளியே நிற்கும் இரண்டு விளக்குகள், முதுகில் ஒரு சக்கரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. ஊர்ப் பையன்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அண்ணாச்சி ஒருவர்தாம் ஓடிப்போய்ப் பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குக் கூலியாக அதிகாரி அவரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் உட்கார விட்டார். நான் அந்தக் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். அவ்வளவுதான் என் பாக்கியம். அது எம்.ஜி. கம்பெனியின் டி.சி. என்ற கார் என்பதையும், 1945 முதல் 1949 வரை அந்த ரகத்தில் சுமார் பத்தாயிரம் வண்டிகளே செய்தார்கள் என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணாச்சிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவர் அந்த ஐந்து நிமிஷத்தை அப்படியே மடித்து மடியில் கட்டிக்கொண்டு ஐம்பத்தாறு வருஷம் லாரி ஓட்டி, வாழைத்தார் விற்றிருக்கிறார்.

"கூரையில்லாத காரு என்னத்துக்கு அண்ணாச்சி, இந்த வயசிலே?" என்று கேட்டேன்.

"உம்ம மதினி நாப்பது வருசமா எங்கூட குடித்தனம் நடத்துதா. லாரியிலே ஒரே ஒரு தடவை ஏறியிருக்கா. அதுவும் ஆஸ்பத்திரிக்கு. ஒரு நாளு அவளை உக்காத்தி வச்சுத் திருக்குறுங்குடி போயி, நம்பியைச் சேவிச்சிட்டு வரணும். அவ்வளவுதான்."

திருக்குறுங்குடி களக்காட்டிலிருந்து ஏழெட்டு மைல். அதற்கு ஆட்டோ போதும். ஆனால் இதை அவரிடம் சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு நான் மனுஷர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அசல் டி.சி. ஒன்றை வாங்குவது நம் போன்றவர்களுக்கு ஆகிற காரியமல்ல. வாங்கினாலும் அதை ரோட்டில் ஓட்ட மனம் வராது. ஒரு கீறல் விழுந்தால் ஒரு காணி நிலம் போன மாதிரி. ஆகையால்தான் உலகமெங்கும் நகல் கார் என்கிற ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. பழைய பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் உடலைக் கண்ணாடி இழையில் வார்த்து, அதற்குள் சாதாரணமான, சுலபமாக உதிரிப் பாகம் கிடைக்கிற ஒரு காரின் எலும்பையும் குடலையும் வைத்துவிடுவது. எலும்பு என்றது சேஸ். குடல் என்றது என்ஜின், கியர் பெட்டி முதலியன.

நகல் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. நம் கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. மழை, வெயில், புழுதி, கூட்டம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வீதிக்கு வருகிறவர் உற்சவர். நடக்க முடியாத கிழவி தன் வாசலில் நின்று தரிசிப்பது உற்சவரைத்தான். அவரை யாரும் நகல் என்று சொல்வதில்லை. அசல் கார் மியூசியத்தில் மூலவராக இருக்கட்டும். வீதிக்கு ஓர் உற்சவர் வேண்டுமல்லவா? இதைச் சொன்னதும் அண்ணாச்சிக்குப் பரம சந்தோஷம். "பாத்தீரா, இதுக்குத்தான் எழுதுத ஆளை வச்சுக்கிடணும்ங்குறது" என்றார்.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் திண்ணையில் உட்கார்ந்து, புத்தகங்களை விரித்து, ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன்.

முதலில் லோட்டஸ் செவன். காலின் சாப்மன் என்ற ஆங்கிலேயர் 1957-இல் கொண்டுவந்தது. ஒரு தொட்டி, நான்கு சக்கரம், ஒரு என்ஜின்; வேறு ஒன்றும் இல்லை. எடை அரை டன் அளவுதான். 1973-இல் அதைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்கிற கம்பெனி விலைக்கு வாங்கி இன்றுவரை செய்து வருகிறது. இது போதாதென்று 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து இருநூற்றைம்பது பவுனில் இதைப் போன்ற காரை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்து எத்தனையோ பேர் மோட்டார் கொட்டகையில் வெல்டிங் பொறியோடு இறங்கிவிட்டார்கள்.

அண்ணாச்சி படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒசரம் எவ்வளவு?" என்றார். என் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். "வேண்டாம். லாரி ஓட்டுதவன் கண்ணுக்கு இது தெரியாது வே. நாங்குநேரி ரோட்டிலே நாலு டன் தாரை ஏத்திக்கிட்டு வாரவன், பக்கத்திலே இந்தப் பூச்சி வந்தா என்னத்தைப் பாப்பான்? வேட்டியோட இதுக்குள்ள எறங்குறதும் ஏறுறதும் வேற ஒரு சர்க்கஸு." ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் எங்கும் இந்த விமரிசனம் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அடுத்தது கோப்ரா. ஏ.சி. ஏஸ் என்கிற இங்கிலீஷ் காருக்குள் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கப் பந்தயக்காரர் 1962-இல் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினைத் திணித்தார். அசல் வண்டிகள் மொத்தம் சுமார் ஆயிரம். நகல்களோ அதைப்போல் பல மடங்கு. உலகத்திலேயே அதிகமாக நகல் செய்யப்பட்ட கார்களில் இது ஒன்று. சிலவற்றில் புகைக்குழாய் கதவுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடும். இறங்கும்போது கவனம் தப்பினால் கெண்டைக்காலில் சூடு விழும். கோப்ராவின் கடி என்று அதற்கு வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். "மதினி சேலையிலே போவா" என்று அண்ணாச்சி பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

மூன்றாவது போர்ஷெயின் ஸ்பீட்ஸ்டர், 1954-ஆம் வருஷத்தது. இதன் நகல்களுக்கு எலும்பாக ஃபோக்ஸ்வாகன் வண்டு காரை எடுத்துக்கொள்வார்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. போர்ஷெயே 1948-இல் தன் முதல் காரை வண்டு காரின் பாகங்களைக் கொண்டுதான் செய்தது. ஆகவே இந்த நகலுக்கும் அசலுக்கும் ரத்த உறவு உண்டு. நன்னூல்காரர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்தார். அந்தக் கணக்கில் கேட்டர்ஹாம் வழிநூல். வண்டு காரில் பிறந்த ஸ்பீட்ஸ்டர் சார்புநூல். ஆனால் அதே வண்டு காரின் மேல் எம்.ஜி.யின் உடலை ஏற்றி அமெரிக்காவில் ஏராளமாக விற்றார்களே, அதை எதில் சேர்ப்பது? முன்னால் கம்பீரமான ரேடியேட்டர் முகம். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. என்ஜின் பின்புறம், காற்றால் குளிர்வது. ரேடியேட்டரே கிடையாது! "அப்போ தண்ணி ஊத்துறதுக்கு எடமே இல்லையா?" என்று அண்ணாச்சி கேட்ட குரலில் உண்மையான துக்கம் இருந்தது. குடத்தோடு ஓடிய பையன் அல்லவா?

எம்.ஜி. நகல்களில் நல்ல ஜாதியும் உண்டு. மலேசியாவில் டி.டி. 2000 என்று ஒன்று செய்தார்கள்; உள்ளே டொயோட்டாவின் இரண்டு லிட்டர் என்ஜின். பிரிட்டனில் 1970-களில் ஜென்ட்ரி என்று ஒன்று வந்தது. அது டிரயம்ஃப் ஹெரால்டு காரின் சேஸின் மேல் உட்கார்ந்தது. ஹெரால்டு என்ற பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்தார். "நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டா? மெட்ராஸ் வண்டி?" அதே தான் என்றேன். அப்போது அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கொங்கு நாட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் எம்.ஜி. மாதிரி வண்டி விற்பனைக்கு நிற்பதாக யாரோ அண்ணாச்சிக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலியில் ராத்திரி ரயில் ஏறி, விடியற்காலையில் கோயமுத்தூரில் இறங்கினோம். பட்டறைக்குப் போகுமுன் ஜீடி கார் மியூசியத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஜி. டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் அறக்கட்டளை 2015-இல் திறந்த மியூசியம் அது. மூலவர்களைச் சேவித்துவிட்டு உற்சவரைப் பார்க்கப் போவோமே என்பது என் எண்ணம். அண்ணாச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் பிராகாரத்தில் நடப்பதைப்போல் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து வந்தார். ஒன்றையும் தொடவில்லை.

பட்டறையில் அந்த வண்டி வெயிலில் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. அதே சிவப்பு. அதே தவளைக் கண். முதுகில் அதே சக்கரம். பட்டறைக்காரர் நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுகிறவர். "கல்யாண ஊர்வலத்துக்குன்னே ஏழு வண்டி செஞ்சு குடுத்திருக்கேனுங்க. மாப்பிள்ளை அழைப்புல ஏறி உக்காந்தா ராஜா மாதிரி இருக்குமுங்க" என்றார்.

நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வெட்டுவாயைப் பார்க்கத் தொடங்கினார். துண்டை விரித்துத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். அரைமணி நேரம் கழித்து எழுந்து வந்து என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன். நகல் கார் வாங்க விரும்புகிறவர் யாருக்கும் அது பயன்படும்.

கண்ணாடி இழையில் கதவு மூலைகளிலும் கீல் பக்கத்திலும் சிலந்திவலைபோல் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. பெயிண்டின் கோளாறு அல்ல அது; அடியில் இருக்கும் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். சேஸ் பழைய ஜீப்பினுடையது; நடுவில் அறுத்து, நீளத்தைக் குறைத்து, மறுபடி பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடத்துக்கு உட்புறம் பட்டை போட்டு வலுவூட்டவில்லை. ஸ்டியரிங் தண்டு வளைந்து போவதற்காக இரண்டு இடத்தில் மூட்டு வைத்திருந்தார்கள். மோதினால் மடங்கிக்கொள்கிற தண்டு அல்ல, நேராக நெஞ்சைப் பார்த்து நிற்கிற இரும்பு. இருக்கைகள் சேஸில் மாட்டப்படாமல் இழைத் தரையில் போல்ட் போட்டு நின்றன. இருக்கைப் பட்டையும் அப்படியே. வண்டி நின்றாலும் ஆளும் இருக்கையும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கோ, ஜீப்பின் எடைக்கு அமைந்தது. முன்புறம் இவ்வளவு லேசான உடலை வைத்துவிட்டால் மழையில் முன்சக்கரம் பின்சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது.

"ஊர்வலத்துக்கு இது போதும்" என்றார் அண்ணாச்சி. "நாதஸ்வரக்காரன் நடக்குற வேகத்துக்குப் பிரேக்கு என்னத்துக்கு? ரோட்டுக்கு ஆவாது."

இருந்தாலும் அவர் மனம் முழுவதும் விலகவில்லை என்பது தெரிந்தது. எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளலாம், இவ்வளவு ஆகும் என்று விரலில் கணக்குப் போட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்து நின்றார். பட்டறைக்காரர் கேட்ட விலையும் அவர் கையில் இருந்த பணத்துக்குள் அடங்குவதுதான். பிறகு திடீரென்று, "புஸ்தகத்தைக் காட்டும்" என்றார். பதிவுப் புத்தகத்தைச் சொல்கிறார். அதில் ஜீப் என்றிருந்தது. மூடிய உடல், இத்தனை இருக்கை, இந்த நிறம் என்று எல்லாம் ஜீப்புக்குரியவை. "எல்லாரும் இப்படித்தானுங்க வச்சிருக்காங்க. ஒருத்தரும் கேக்கிறதில்லீங்க" என்றார் பட்டறைக்காரர்.

அண்ணாச்சி புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "வண்டி நல்ல அம்சமா இருக்கு. ஆனா எனக்கு வேண்டாம்" என்றார்.

திரும்புகிற ராத்திரி ரயிலில் வெகுநேரம் அவர் பேசவில்லை. திண்டுக்கல் தாண்டிய பிறகு, ஐம்பது வருஷப் பழக்கத்தில் என்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒரு சமாசாரத்தைச் சொன்னார்.

1984-வாக்கில், அவர் வேறு ஒருவருடைய லாரிக்குச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தார் ஏற்றி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோயிலுக்குப் போகும்போது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் சரியில்லை என்று முந்தின வாரமே முதலாளியிடம் சொல்லியிருந்தாராம். சைக்கிளில் போன ஒரு மனிதரைத் தட்டிவிட்டு லாரி வரப்பில் ஏறி நின்றது. உயிர் போகவில்லை, ஒரு கால் போயிற்று. கோர்ட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்த லாரிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவே இல்லை என்று. முதலாளி கையை விரித்தார். அந்தக் குடும்பத்துக்குக் கடைசிவரை உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணாச்சி தம் சம்பளத்தில் இரண்டு வருஷம் மாதாமாதம் அரிசி வாங்கிக் கொண்டுபோய்ப் போட்டார்.

"அந்த ஆளு என்னைத் திட்டவே இல்லை வே. 'உம்ம மேல தப்பில்லை, வண்டி மேலதான் தப்பு'ன்னாரு. வண்டிக்கு என்ன தெரியும்? புஸ்தகம் ஒண்ணு சொல்லுது, வண்டி ஒண்ணு சொல்லுது. நடுவுல ஒருத்தன் காலு போவுது."

அதன் பிறகு சட்டத்தைப் பற்றி நான் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வாசகர்களுக்காக இங்கே சொல்கிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது வீதியில் வண்டி ஓட்டக்கூடாது என்பதும் அதே சட்டம். புத்தகத்தில் ஜீப், வீதியில் எம்.ஜி. என்றால், நாளைக்கு ஏதாவது நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்வதற்கு நாமே வாசலைத் திறந்து வைத்தவர்கள் ஆவோம்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்த ஒற்றைக் காரானாலும் அதைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், பிரேக், விளக்கு, கூர்முனை, இருக்கைப் பட்டை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே நகல் கார் தைரியமாகத் தன் சொந்தப் பெயரில் வீதிக்கு வருகிறது. நம் நாட்டில் புதுமாதிரி வண்டி செய்கிறவர் அதைப் புனேயிலோ, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலோ உள்ள பரிசோதனை நிலையங்களில் தேறவைக்க வேண்டும். அது தொழிற்சாலைகளுக்கான வழி, ஒரு தனி மனிதன் நடந்து தீர்க்கக்கூடிய தூரமல்ல. அசல் பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் தனி விதி வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்துகொண்டால் அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான். மூலவரை மூலவராகவே வைத்துக்கொள் என்கிறது சட்டம்.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. நெல்லையப்பர் தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவது அவன் தயவால்தான். பிரேக்கும் பதிவுப் புத்தகமும் அப்படிப்பட்ட முட்டுக்கட்டைகள். உற்சவர் வீதிக்கு வரலாம், வரவும் வேண்டும். முட்டுக்கட்டை இல்லாமல் வரக்கூடாது. என்னுடைய உபமானத்தில் ஒரு பாதியைத்தான் நான் சொல்லியிருந்தேன். மறுபாதியை அண்ணாச்சி ரயிலில் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் அவர் கார் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி. மதினிக்குத்தான் அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. "தம்பி, அவுகளைக் கொஞ்சம் பாருங்க. மண்டிக்கும் போகல, வீட்டிலயும் சரியாச் சாப்பிடல" என்று என்னிடம் வந்து சொன்னாள். அப்போதுதான் எனக்குத் திண்ணையில் அறுந்துபோன பேச்சு ஞாபகம் வந்தது. ஹெரால்டு!

டிரயம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் பிறந்தது. உடலை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தார்கள். 948 சி.சி. என்ஜின், சின்னச் சந்தில் திரும்பக்கூடிய சாமர்த்தியம். அந்தக் காலத்துக் கார்கள் பல தனிச் சேஸைக் கைவிட்டுவிட்டபோதும் இது கைவிடவில்லை. அந்தச் சேஸையே குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு உடல் வரைந்து, 1962-இல் டிரயம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்ற பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஆகவே நம்முடைய சாதுவான மெட்ராஸ் ஹெரால்டு ஒரு பந்தயக் குதிரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் மனைவி, கணவர் துடைத்து வைத்ததைத் தாமும் துடைத்து வைத்திருந்தார். பதிவு ஐந்தைந்து வருஷமாகத் தவறாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அண்ணாச்சி இந்தத் தடவை தரையில் படுக்குமுன் ஒரு காரியம் செய்தார். முன்மூடியைத் தூக்கினார். ஹெரால்டில் மூடியும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாய்ந்து திறந்துகொள்ளும். என்ஜின், சேஸ், முன்சக்கரங்கள், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளிச்சமாக நிற்கும். அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"வெட்டுவாயைத் தானாவே காட்டுதே வே!" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. சேஸின் பக்கக் கைகளில் துரு ஏறியிருந்தது. ஹெரால்டுகளுக்கு அது குலநோய். பின்சக்கரங்களின் அச்சு ஊசலாடுகிற வகை. வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் உட்புறமாக மடிந்து வண்டி தூக்கிப் போடும். இதைச் சொன்னேன். "வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் கொறைக்கணும். எந்த வண்டிக்கும் அதுதானே புத்தி" என்றார். பெட்ரோல் குழாய்களை முழுவதும் மாற்றவேண்டியிருந்தது. இப்போது விற்கிற பெட்ரோலில் இருபது சதவிகிதம் எத்தனால் சேருகிறது. பழைய ரப்பரை அது தின்றுவிடும். அண்ணாச்சி பெயிண்ட்டுக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. முதல் செலவு பிரேக்குக்கு, இரண்டாவது சேஸுக்கு, மூன்றாவது டயருக்கு. நாலாவதாகத்தான் இருக்கைக்குப் புதுத் துணி போட்டார். "கூரையைக் கழற்றிவிடலாமா அண்ணாச்சி? இதில் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது" என்று நான் ஆசை காட்டினேன். "புஸ்தகத்திலே கூரை இருக்குல்லா?" என்றார். அத்தோடு என் வாய் அடைத்தது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர்கள் திருக்குறுங்குடி புறப்பட்டார்கள். என்னைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாவது ஆளுக்கு இடமே இருக்கக்கூடாது என்ற அவருடைய முதல் நிபந்தனை இப்படித் தளர்ந்துவிட்டது. கண்ணாடிகளை இறக்கிவிட்டதும் மேற்கே மலையிலிருந்து வந்த காற்று வாழைத்தோப்பு வாசனையோடு உள்ளே புகுந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணாச்சி லாரிக்குக் காட்டுகிற மரியாதையைக் காட்டினார். மதினி ஒரு கையால் தலைப்பூவைப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எல்லையில் மட்டும், "இன்னும் கொஞ்சம் மெதுவாப் போகலாம்லா?" என்றாள். பயத்தால் சொன்னதல்ல என்பது அண்ணாச்சிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

திருக்குறுங்குடி மோட்டாருக்குப் புதிய ஊர் அல்ல. 1911-இல் மோட்டார்த் தொழிலில் இறங்கி டி.வி.எஸ். என்ற பெயரை நிலைநாட்டிய சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்த ஊர் அது. நம்பியைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் காரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "தாத்தா, இது ஒரிஜினலா, டூப்பா?" என்று கேட்டான். இந்தக் காலத்துப் பையன்.

நான் விரிவாக விடை சொல்ல ஆயத்தமானேன். இங்கிலாந்துக்காரன் செய்ததை வண்டலூரில் பார்த்துச் செய்தது. ஆகையால் ஒரு கணக்கில் இதுவும் நகல். ஆனால் தன் சொந்தப் பெயரோடும் சொந்தப் புத்தகத்தோடும் அறுபது வருஷம் நம் வீதியில் ஓடிவிட்டதனால் இதுவே அசல் என்று ஒரு சித்தாந்தம் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வண்டி கொதிக்கவில்லை, தண்ணீரும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "ஏல, உள்ள ஏறி உக்காரு. ஹாரனை மட்டும் அடிக்காத" என்றார்.

பையன் ஏறி உட்கார்ந்தான். நாங்கள் மூவரும் வெளியே நிழலில் நின்றோம். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷமும் ஆயிற்று. அவர் அவனை இறங்கச் சொல்லவில்லை.